குளிரூட்டிய கடையில் வாய் மூடிக்கொள்வது ஏன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் பேரம் பற்றி ஒருவர் எழுதியிருந்தார். பூக்காரரிடமும் கீரைக்காரரிடமும் பேரம் பேசுவது பாவம் என்று முதல் பாதி. பெரிய கடைகளில் விலைச் சீட்டு ஒட்டிய பொருளைக் குறைத்துக் கேட்பது படித்தவர்களுக்கு அழகல்ல என்று மறுபாதி. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், எங்கேயும் எதுவும் கேட்காமல் சொன்ன பணத்தை எண்ணி வைத்துவிட்டு வர வேண்டும் என்றுதான் ஆகிறது. முதல் பாதியில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. மறுபாதியில் துளியும் இல்லை. கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். இடம் போதாமல் வெட்டுவதானால் நகைக் கடை பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள். மற்றதை உங்கள் விருப்பம்போல் செய்துகொள்ளலாம்.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் இருபது வருடங்களுக்கு மேல் விற்பனையாளராக வேலை பார்த்தவன். ஆகவே இந்த விஷயத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பது எனக்குத் தெரியும். விலைச் சீட்டு என்பது வானத்திலிருந்து விழுந்த கட்டளை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். எங்கள் கடையில் ஒவ்வொரு சேலையின் சீட்டிலும் விலைக்குக் கீழே மூன்று நான்கு ஆங்கில எழுத்துகள் சின்னதாக எழுதியிருக்கும். வாடிக்கையாளர்கள் அதை ரகத்தின் எண் என்று நினைத்துக்கொள்வார்கள். அது கொள்முதல் விலை. பத்து எழுத்து உள்ள, எந்த எழுத்தும் இரண்டு முறை வராத ஒரு சொல்லை முதலாளி தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். முதல் எழுத்து 1, இரண்டாவது 2, பத்தாவது எழுத்து சைபர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் கழித்துத்தான் அந்தச் சொல்லைப் பையன்களுக்குச் சொல்வார்கள். எங்கள் கடையின் சொல்லை இங்கே எழுத மாட்டேன். உப்பைத் தின்ற இடம். ஆனால் இந்த வழக்கம் பல ஊர்களில் பல கடைகளில் உண்டு, இதில் ரகசியம் ஒன்றும் இல்லை.

சீட்டில் 1,450 ரூபாய் என்று இருக்கும். எழுத்துகளைப் படித்தால் 980 வரும். 1,250 வரை இறங்க எங்களுக்கே அனுமதி உண்டு. அதற்குக் கீழே என்றால் கல்லாவில் இருக்கும் முதலாளியைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவோம். அவர் தலையை ஆட்டினால் 1,150-க்கும் போகும். ஆக, ஒரே சேலை ஒரே நாளில் மூன்று விலைக்குப் போயிருக்கிறது. இதில் யார் அதிகம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? காரில் வந்து இறங்கியவர்கள் என்றால் எனக்குக் கவலையில்லை. அப்படி நடக்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்ட பள்ளிக்கூட ஆசிரியை, முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுக்க வந்த பையன், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த குடும்பம், இவர்கள்தான் 1,450 கொடுத்தார்கள். கேட்டவருக்குக் குறைத்ததைக் கேட்காதவர் தலையில் போட்டுத்தான் கடையின் கணக்கு நேராகும். கேட்காமல் இருப்பது நாகரிகம் என்று சொல்பவர்கள், அந்த நாகரிகத்துக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

சித்திரைத் திருவிழா சமயத்தில் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வருவார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்பு மகள்களுக்கும் மருமகள்களுக்கும் சுங்குடிச் சேலை எடுப்பது அவர் வழக்கம். எங்களுக்கெல்லாம் அவர் ‘ஆத்தா’. அவருக்கு நாங்கள் எல்லாரும் ‘தம்பி’. கடையில் நாற்பது சேலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எழுந்து போகிற ரகமல்ல. அடுக்கைப் பார்த்து, “அந்த அரக்கு, இந்தப் பச்சை, இந்த இரண்டையும் எடு” என்பார். பிரித்ததும் முந்தானையைப் பார்க்க மாட்டார். உடம்புப் பகுதியில் இருக்கும் வெள்ளைப் புள்ளிகளின் மேல் கட்டை விரலை வைத்து மெதுவாக ஓட்டுவார். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த சுங்குடி என்றால், முடிச்சை அவிழ்த்த பிறகும் புள்ளி இருக்கும் இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடு தட்டும். அச்சுப் போட்டது என்றால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். விரல் வழுக்கியதும் என் முகத்தைப் பார்ப்பார். “தம்பி, அச்சுப் புள்ளிக்கு முடிச்சுப் புள்ளி விலையைச் சொல்கிறாயே?” அவ்வளவுதான். அதன் பிறகு நான் சொல்ல எதுவும் இருக்காது. அவர் தொகையும் சொல்ல மாட்டார். சுருக்குப் பையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, துணியைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நானே இருநூறு குறைப்பேன். அப்போதும் பேசமாட்டார். இன்னும் ஐம்பது குறைப்பேன். முதலாளி கல்லாவிலிருந்து, “ஆத்தாவுக்குப் போட்டுக் கொடு” என்று சத்தம் கொடுத்ததும் பை திறக்கும்.

குரலை உயர்த்தாமல், யாரையும் திருடன் என்று சொல்லாமல், பொருள் தெரிந்து கேட்பது இப்படித்தான். அந்த அம்மா பள்ளிக்கூடம் போனவரல்லர். அவருக்கு இருந்த தெளிவு, கைப்பேசியில் நட்சத்திர மதிப்பெண்களைப் பார்த்துக்கொண்டு வருகிற பலருக்கு இல்லை என்பதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

சிலர், “புதுமண்டபத்துக் கடைகள் இருந்த காலத்தோடு இதெல்லாம் போய்விட்டது, இப்போது எல்லாம் கணினி விலை” என்கிறார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் எந்திரமும் வளையலும் பித்தளைப் பாத்திரமும் புத்தகமுமாக இருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்பது உண்மை. பேரம் மட்டும் எங்கேயும் குடிபெயரவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது; கேட்டால் எழுந்து வரும். கணினியிலும் ‘தள்ளுபடி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எண்ணைப் போட யாருக்கு அதிகாரம் என்பதுதான் கேள்வி. முன்னால் நிற்கும் பிள்ளைக்கு இருக்காது. அவரிடம் அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதால் இருவருக்கும் தொண்டைதான் வறளும். “இதற்குமேல் யாரிடம் கேட்க வேண்டும் தம்பி?” என்று மரியாதையாகக் கேட்டால் அவரே தளப் பொறுப்பாளரை அழைத்து வருவார், பல நேரங்களில் அவருக்கும் அதில் நிம்மதி. விற்பனை நடந்தால் அவருடைய மாத இலக்கில் ஏறும்.

எப்போது போகிறோம் என்பதும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரியும்போது குறைத்துக் கேட்டால் யார் காதிலும் விழாது. செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். செவ்வாய் அன்று பெரிய பொருள் வாங்கத் தயங்குகிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர், கடை ஈயாடும். மாதக் கடைசி என்றால் இன்னும் நல்லது. காலையில் போணியாகாத கடையில் முதல் ஆளாக நுழைந்தால், திருப்பி அனுப்ப மனம் வராது. இதை நாங்கள் வாடிக்கையாளர்களிடம் சொன்னதே இல்லை.

சென்ற வருடம் என் தங்கை வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போனோம். காளவாசல் பக்கம் ஒரு பெரிய மின்சாதனக் கடை, பெயர் வேண்டாம். பெட்டியின் மேல் அதிகபட்ச சில்லறை விலை ஒன்று, அதை அடித்துவிட்டுக் கடையின் ‘சலுகை விலை’ ஒன்று. சலுகை விலை 32,500. விற்பனையாளர், “வட்டியில்லாத் தவணை அம்மா, மாதம் இவ்வளவுதான்” என்று ஆரம்பித்தார். நான் ஒன்றுதான் கேட்டேன்: “தவணையில் எடுத்தாலும் இதே 32,500தானா?” ஆமாம் என்றார். “வட்டியில்லாமல் கடன் கொடுக்க நிதி நிறுவனத்துக்கு என்ன வேண்டுதலா? அந்த வட்டியைத் தயாரிப்பாளரோ நீங்களோ அவர்களுக்குக் கட்டுகிறீர்கள். நாங்கள் முழுப் பணத்தையும் இப்போதே கொடுக்கிறோம். கட்ட வேண்டாம் என்று மிச்சமாகும் அந்தத் தொகையை எங்களுக்குக் கொடுங்கள்.” பையன் சிரித்துவிட்டார். பொறுப்பாளர் வந்தார், கால்குலேட்டரைத் தட்டினார், 30,600 என்றார். வீட்டில் கொண்டுவந்து இறக்குவதற்கும் பழைய பெட்டியை எடுத்துப் போவதற்கும் தனிப் பணம் இல்லை என்பதையும் பில்லின் ஓரத்தில் எழுதி வாங்கிக்கொண்டோம். கூடுதல் உத்தரவாதம் என்று இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ஒரு காகிதத்தை நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. இத்தனை வருடமாகியும் அந்த வாசகம் கடை வாசலில் பலூனோடு தொங்குகிறது.

அதிகபட்ச சில்லறை விலை என்பதைப் பற்றியும் ஒரு குழப்பம் இருக்கிறது. அதைச் ‘சரியான விலை’ என்று நினைக்கிறார்கள். அது உச்சவரம்பு. அதற்குமேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம். கீழே எவ்வளவுக்கும் விற்கலாம். 1990-க்கு முன்பு பொட்டலங்களில் ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று போட்டுவிட்டு, கடைக்காரர் வரி என்ற பெயரில் வாய்க்கு வந்ததைக் கூட்டிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தத்தான் எல்லா வரிகளும் உட்பட என்று அச்சிடச் சொன்னார்கள். ஆகவே அச்சிட்ட அந்த விலைக்குமேல் ஜிஎஸ்டி என்று தனியாகப் போடும் கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வரியைத் தனியாகச் சேர்க்கும் ஆயத்த ஆடைக் கடைகளில் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உடையின் விலை 2,500 ரூபாய் வரை என்றால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். வரிக்கு முன்பு 2,600 ரூபாய் என்று சொல்லும் ஒரு சுடிதாருக்கு வரி 468, மொத்தம் 3,068. நீங்கள் நூறே நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி, அதைப் பில்லிலேயே காட்டச் சொன்னால் வரி 125, மொத்தம் 2,625. நூறு ரூபாய்ப் பேச்சில் 443 ரூபாய் மிச்சம். கடைக்காரர் விட்டது நூறுதான், மீதியை அரசாங்கம் விடுகிறது. இதைக் கேட்பதில் என்ன அழகு குறைந்துவிடும்?

இப்போது நகைக் கடை. தெற்கு ஆவணி மூல வீதியில் கடைக்குக் கடை வாசலில் பலகை: 22 காரட் ஒரு கிராம் இவ்வளவு. தங்கள் நாளிதழும் தினமும் அதைப் போடுகிறது. அந்த எண்ணில் யாரும் பேரம் பேச முடியாது; பேசவும் வேண்டாம். அதனாலேயே நம் மக்கள் நகைக் கடையில் பேச எதுவுமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உள்ளே நுழைந்தால் மோரோ காப்பியோ வரும், குளிர்காற்று வரும், சோபா வரும். எழுபதாயிரம் ரூபாய் பில்லைப் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். பேச வேண்டிய இடம் சேதாரம்.

கையால் தட்டி, அறுத்து, ராவி நகை செய்த காலத்தில் தூளாகப் போகிற தங்கத்துக்காக வந்த கணக்கு அது. இன்று பெரும்பாலான சங்கிலிகள் எந்திரத்தில் வெட்டி வருகின்றன. விழும் தூளையும் சேர்த்து உருக்கிவிடுகிறார்கள். ஆனாலும் சீட்டில் 12, 16, 20 என்று சதவீதம் போட்டிருக்கும். என் தங்கை மூத்த மகள் கல்யாணத்துக்கு ஐந்து பவுனில் ஓர் ஆரம் வாங்கினாள். 40 கிராம், சேதாரம் 16 சதவீதம். அதாவது 6.4 கிராம் தங்கத்துக்கான பணத்தைக் கூடுதலாகக் கட்டினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே நாள், அதே வாசலில், மல்லிகைப் பூ வாங்கும்போது முழத்துக்குப் பத்து ரூபாய்க்காகக் கால் மணி நேரம் நின்று பேசினாள். மூட்டை மூட்டையாகப் பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நின்ற எனக்கு அந்தக் கால் மணி நேரம் நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டாவது மகளுக்கு வாங்கும்போது நானும் கடைக்குள் போனேன். அதே எடைக்குப் பக்கத்தில் ஓர் ஆரம், அதே 16. “சேதாரத்தில் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்று கேட்டதும் விற்பனைப் பெண், “எங்கள் நிறுவனத்தில் கறார் விலை அய்யா” என்றார். நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்தோம். கோபம் இல்லை, நாடகமும் இல்லை. இரண்டு கடை தள்ளிப் போய் விசாரித்துவிட்டு வருகிறோம் என்றுதான் சொன்னேன். படியிறங்குவதற்குள் மேலாளர் வந்துவிட்டார். 14 என்றார், 12 என்றார், கடைசியில் 11. ஐந்து சதவீதம் என்றால் 40 கிராமில் 2 கிராம், கால் பவுன். கால் பவுன் தங்கத்தின் விலையை இன்றைய உங்கள் நாளிதழிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அதன் மேல் வரும் 3 சதவீத ஜிஎஸ்டியும் அந்த அளவுக்குக் குறைகிறது, ஏனென்றால் வரி சேதாரத்துக்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது.

கூடவே மூன்று விஷயங்களைக் கேட்டோம். கல் பதித்த நகையில் கல்லின் எடையைக் கழித்த நிகர எடை எவ்வளவு? செய்கூலி தனியாக உண்டா, சேதாரத்துக்குள் அடக்கமா? எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் அடையாளக் குறி எங்கே? 2023 ஏப்ரல் 1 முதல் அந்தக் குறி இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது. பூதக் கண்ணாடி கேட்டால் கொடுப்பார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்தக் குறியைத் தட்டினால், எந்தக் கடை பதிவு, எத்தனை காரட் என்பதெல்லாம் வந்துவிடும். மேலாளர் முகம் கொஞ்சம் மாறியது. கேட்பவர்கள் குறைவு போலிருக்கிறது.

பூக்காரர் விஷயத்தில் அந்தக் கடிதத்தோடு பாதி உடன்பாடு என்றேனே, அதற்கு வருகிறேன். மாட்டுத்தாவணிப் பூச் சந்தையில் விடியற்காலை மல்லிகை என்ன விலைக்கு எடுபடுகிறதோ அதுதான் அன்றைக்குத் தெருவில் விலை. மார்கழி, தை மாதப் பனியில் வரத்து குறைந்தால் சில நூறு ரூபாயில் இருந்த கிலோ சில ஆயிரத்துக்கு ஏறும். முகூர்த்த நாள் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதை வாங்கி, உட்கார்ந்து கட்டி, வாழை நாரும் தன் நேரமும் போட்டு விற்கிற அம்மாவிடம் முழத்துக்கு ஐந்து ரூபாய்தான் ஆடுகிறது. அதையும் பிடுங்க நினைத்தால் அவருக்கும் வழி தெரியும். விலையைக் குறைப்பார், முழத்தையும் குறைப்பார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை போக வேண்டிய சரம், மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கினால் நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடக்கும், பிடிக்க முடியாது. பத்து ரூபாய் ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்குப் போகலாம். இரவு ஒன்பது மணிக்குமேல் அவரே கூப்பிட்டு இரண்டு முழம் விலைக்கு மூன்று முழம் கொடுப்பார், மறுநாள் அந்தப் பூ செல்லாது என்பதால்.

ஆனால் ‘பாவப்பட்டவர்கள், அவர்களிடம் பேசாதீர்கள்’ என்ற தொனி எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் வியாபாரிகள். விலை சொல்வதிலும், “கட்டுபடியாகாது சாமி” என்று மறுப்பதிலும், கேட்காமலேயே ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போடுவதிலும் நம் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர்கள். இரண்டு வார்த்தை பேசி வாங்கினால் குறைந்துபோக மாட்டார்கள். விலை பேசாமல் முகத்தையும் பார்க்காமல் ரூபாய்த் தாளை நீட்டுபவரைவிட, “என்னம்மா, நேற்றைக்கு இன்றைக்குப் பதினைந்து ஏற்றிவிட்டீர்கள்?” என்று கேட்கிற ஆளைத்தான் அவர்களுக்குப் பிடிக்கும் என்பது என் அனுபவம்.

பேரமே வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஊரில் நல்ல இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அங்கே காலையில் பலகையில் விலையை எழுதிவிடுவார்கள். மொத்த விலைக்கும் வெளிக்கடைச் சில்லறை விலைக்கும் நடுவில் இருக்கும். விளைவித்தவரே விற்கிறார், வாங்குபவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கோ-ஆப்டெக்ஸில் தீபாவளித் தள்ளுபடி எல்லாருக்கும் ஒன்றுதான். அமைச்சர் வீட்டு அம்மாவுக்கும் அதே சதவீதம், எனக்கும் அதே சதவீதம். எல்லாக் கடைகளும் அப்படி ஆகிவிட்டால் நான் இந்தக் கடிதத்தையே எழுத மாட்டேன். உள்ளே மூன்று விலை வைத்துக்கொண்டு வெளியே ‘ஒரே விலை’ என்று பலகை மாட்டும் கடைகளைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு.

வாங்குபவர்களுக்கும் இரண்டு சொல்ல வேண்டும். “பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைத்துத் தருகிறேன்” என்று ஒரு வகைப் பேரம் இருக்கிறது. அதற்கு ஒருபோதும் தலையாட்டாதீர்கள். பில் இல்லாத மிக்ஸிக்கு உத்தரவாதம் கிடையாது, நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. அங்கே குறைவது உங்கள் உரிமை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் கொடுக்க மறுப்பதையே நேர்மையற்ற வணிக முறை என்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் முப்பது நாள் அவகாசம் உண்டு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ரப்பர் முத்திரை குத்தினால் சட்டம் பயந்துவிடாது. யுபிஐ வழியாகப் பணம் செலுத்தினால் இரண்டு சதவீதம் கூடுதல் என்று கேட்கும் கடைகளும் இருக்கின்றன. வங்கிக் கணக்கிலிருந்து செல்லும் யுபிஐ பணத்துக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 2020 ஜனவரி முதல் உள்ள விதி. கடைக்காரர் கட்டாத பணத்தை நாம் ஏன் கட்ட வேண்டும்?

இன்னொன்று, விற்பனையாளர்களை மதித்துப் பேசுங்கள். எங்களில் பலர் காலை ஒன்பதரை மணியிலிருந்து இரவு ஒன்பதரை மணிவரை நின்றோம். நரம்பு சுருண்டு முடிச்சுப் போட்ட கால்களை இன்றும் எங்கள் தெருவில் காட்ட முடியும். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தில் 2021-இல்தான் தமிழ்நாடு அரசு திருத்தம் கொண்டுவந்தது. முக்காலி வந்துவிட்டது, அதில் உட்காரக் கண்காணிப்பாளர் விடுகிறாரா என்பதை நீங்களே பெரிய கடைகளில் ஏறிப் பாருங்கள். வாங்கும் எண்ணமே இல்லாமல் அறுபது சேலையைப் பிரித்துப் போட வைத்து, “ஆன்லைனில் இதைவிடக் குறைவு” என்று கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டிவிட்டுப் போவதைப் பேரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அத்தனையையும் மடித்து அடுக்குவது அந்தப் பிள்ளைதான், கடை மூடிய பிறகு. ஆன்லைன் விலை உண்மையிலேயே குறைவு என்றால் முதலிலேயே காட்டுங்கள். அதே விலைக்குத் தர முடியுமா என்று கேளுங்கள். மின்சாதனக் கடைகளில் பல நேரம் முடியும் என்பார்கள். ஜவுளியில் பெரும்பாலும் முடியாது, ஏனென்றால் படத்தில் இருக்கும் துணியும் கையில் இருக்கும் துணியும் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது.

ஆடித் தள்ளுபடியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கடிதம் வேண்டும். ஆனி மாதக் கடைசி வாரத்தில் பழைய சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு ஒட்டும் வேலையை இரவு பதினொரு மணிவரை செய்திருக்கிறோம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் தங்க விலையைப் பெட்டி கட்டிப் போடுகிறீர்கள். அதன் கீழேயே, அதே அளவு எழுத்தில், ‘சேதாரம், செய்கூலி கடைக்குக் கடை மாறும், கேட்டுக் குறைக்கலாம்’ என்று ஒரு வரி போட முடியுமா? விளம்பரதாரர்கள் வருத்தப்படுவார்கள் என்றால் அந்த வரியை என் பெயரிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அண்ணா நகர் உழவர் சந்தைப் பலகை விலையையும், நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் வாரத்தில் ஒரு நாளாவது அதன் பக்கத்தில் சேர்த்தால் நன்றாக இருக்கும். பெட்டியில் இடம் பற்றாது என்றால் ராசிபலனில் இரண்டு வரி குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஜவுளிக் கடை விற்பனையாளர்,
வில்லாபுரம், மதுரை.
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்கு மட்டும்)